குட்டையின் மேல் எழுந்த தோட்டம்: வெர்சாய் அரண்மனையின் மதில் சூழ்ந்த காய்கறித் தோட்டம்

தோட்டம் போட இடம் தேடுகிறவர்கள் முதலில் மண்ணைக் கையில் எடுத்துப் பார்ப்பார்கள். பிறகு தண்ணீர் எங்கே நிற்கிறது, எப்படி வடிகிறது என்று பார்ப்பார்கள். அதன் பிறகு வெயில் விழும் திசையைப் பார்ப்பார்கள். பிரான்சில் வெர்சாய் அரண்மனையின் சமையலுக்காக 1678-ல் தொடங்கி 1683-ல் கட்டி முடிக்கப்பட்ட காய்கறித் தோட்டத்துக்கு இடம் குறித்தபோது இவற்றுள் எதுவும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படவில்லை. அரண்மனைக்கு அருகில் இருக்க வேண்டும், அரசர் உலாவச் செல்லும் வழியில் அமைய வேண்டும், நாற்றமெடுத்துக் கிடந்த ஒரு குட்டையும் அத்துடன் ஒழிய வேண்டும் என்ற மூன்று தேவைகள் மட்டுமே அந்த இடத்தை முடிவு செய்தன. அங்கே தோட்டம் போடும் பொறுப்பை ஏற்றவர், பதினான்காம் லூயி மன்னரின் பழத்தோட்டங்களுக்கும் காய்கறித் தோட்டங்களுக்கும் இயக்குநராக இருந்த ழான் பத்தீஸ்த் து லா கேந்தினி. எவரும் எந்த ஊரிலும் சந்திக்க விரும்பாத வகை மண் தமக்கு வாய்த்தது என்று அவரே தமது நூலில் குறைபட்டுக்கொண்டிருக்கிறார்.

இன்று அங்கே செல்பவர்கள் காண்பது சுமார் 9 ஹெக்டேர் நிலம், அதாவது ஏறத்தாழ 22 ஏக்கர். நடுவில் நீர்த்தொட்டியும், அதைச் சுற்றிப் பதினாறு சதுரப் பாத்திகளும், அவற்றைச் சூழ்ந்து உயர்ந்த நடைமேடைகளும், மேடைகளுக்கு அப்பால் மதில்களால் பிரிக்கப்பட்ட சிறு தோட்டங்களும் உள்ளன. வரைபடத்தில் பார்த்தால் அரச ஆணவத்தின் வடிவியல் ஒழுங்கு என்றே தோன்றும். ஆனால் ஒவ்வொரு கூறும் ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே போனால், ஏறக்குறைய எல்லாமே தவறான இடத்தேர்வுக்குச் செய்யப்பட்ட பரிகாரங்கள் என்பது புலப்படும். இந்த ஆய்வு அந்தக் கோணத்திலிருந்தே தோட்டத்தை அணுகுகிறது.

வழக்கறிஞர் தோட்டக்காரரான கதை

லா கேந்தினி 1626-ஆம் ஆண்டு ஷாபனே என்ற ஊரில் பிறந்தவர். புவாத்தியேயில் சட்டம் படித்துப் பாரிசில் வழக்கறிஞரானார். பிறகு செல்வாக்கு மிக்க ஒரு குடும்பத்தின் மகனுக்கு ஆசிரியராக அமர்ந்து, அந்த மாணவருடன் இத்தாலி சென்றார். அங்கே கண்ட தோட்டங்கள் அவருடைய போக்கையே மாற்றிவிட்டன. திரும்பி வந்ததும் சட்டத்தைக் கைவிட்டுப் பழைய வேளாண் நூல்களைப் படிக்கவும், தோட்டத்தில் தாமே சோதனைகள் செய்யவும் தொடங்கினார். நிதி அமைச்சர் ஃபூக்கேயின் வோ-லெ-விகோந்த் மாளிகைத் தோட்டத்தில் பணியாற்றினார். ஃபூக்கே 1661-ல் கைதாகி வீழ்ந்ததும் அந்த மாளிகையை உருவாக்கிய கலைஞர்களை அரசர் தம் பணிக்கு எடுத்துக்கொண்டார். லா கேந்தினியும் அந்த வழியில்தான் வெர்சாய்க்கு வந்து சேர்ந்தார். அரச மாளிகைகள் அனைத்தின் பழ, காய்கறித் தோட்டங்களுக்கும் இயக்குநர் என்ற பதவி 1670-ல் அவருக்கு வழங்கப்பட்டது. 1687-ல் பிரபுப் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே இறந்துபோனார். அவர் எழுதிவைத்திருந்த பெருநூலை அவருடைய மகன் 1690-ல் வெளியிட்டார். மூன்றே ஆண்டுகளில் ஆங்கில எழுத்தாளர் ஜான் ஈவ்லினின் பெயரில் அதன் ஆங்கிலப் பெயர்ப்பும் வந்துவிட்டது.

வழக்கறிஞர் பயிற்சி வீண்போகவில்லை என்பதே அந்த நூலைப் பார்க்கும்போது எழும் எண்ணம். சொன்னவர் எவ்வளவு பெரியவராயினும் சான்று கேட்பது அவர் வழக்கம். வளர்பிறையில் இதைச் செய், தேய்பிறையில் அதைச் செய் என்று தோட்டக்காரர்கள் வழிவழியாகச் சொல்லி வந்ததை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கவனித்துப் பார்த்துவிட்டு, நிலவுக்கும் கவாத்துக்கும் விதைப்புக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை என்று எழுதினார். கன்றை இடம் மாற்றி நடும்போது சல்லி வேர்களை ஒன்றுகூடச் சிதையாமல் காப்பாற்ற வேண்டும் என்பது அக்காலத்து உறுதியான நம்பிக்கை. நட்ட கன்றுகளைத் தோண்டி எடுத்துப் பார்த்த லா கேந்தினி, பழைய சல்லி வேர்கள் எப்படியும் காய்ந்து போகின்றன, வெட்டப்பட்ட தடித்த வேர்களின் நுனியிலிருந்து கிளைக்கும் புதிய வேர்களே மரத்தைப் பிழைக்க வைக்கின்றன என்று கண்டறிந்து, நடுவதற்கு முன் சல்லி வேர்களை நறுக்கிவிடும்படி அறிவுறுத்தினார். அவர் காலத்து எழுத்தாளரான ஷார்ல் பெரோ அவரைப் புகழ்ந்து எழுதியபோது இத்தகைய சோதனைகளையே முன்னிறுத்தினார்.

குட்டையைத் தூர்த்த விதம்

அரண்மனைக்கு அருகில் பதின்மூன்றாம் லூயி காலத்திலிருந்தே ஒரு காய்கறித் தோட்டம் இருந்தது. லா கேந்தினி முதலில் அங்கேதான் வேலை பார்த்தார். ஆனால் வேட்டை மாளிகையாக இருந்த வெர்சாயை அரசவையின் நிரந்தர இருப்பிடமாக்க மன்னர் முடிவு செய்த பிறகு அது போதவில்லை. 1682 மே மாதத்தில் அரசவையும் அரசாங்கமும் முழுவதுமாக அங்கே குடியேறின. புதிய தோட்டத்துக்காகக் குறிக்கப்பட்ட இடம் அரண்மனைக்குத் தெற்கே, சுற்றிலும் உள்ள மேடான நிலங்களின் நீர் வந்து தங்கும் தாழ்வான சதுப்பு. ஊரார் அதை நாற்றக் குட்டை என்றே அழைத்தார்கள்.

தூர்க்க மண் வேண்டும். அதே சமயத்தில் பக்கத்திலேயே, அரண்மனையின் தெற்கு நோக்கிய காட்சியை நீட்டிப்பதற்காகப் பெரிய ஏரி ஒன்றை அரசரின் சுவிஸ் காவற்படையினர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். இன்றும் அந்த ஏரி அவர்கள் பெயராலேயே வழங்குகிறது. அங்கே வெட்டி எடுத்த மண் வண்டி வண்டியாக இங்கே கொட்டப்பட்டுக் குட்டை தூர்ந்தது. ஓர் இடத்துப் பள்ளம் இன்னோர் இடத்து மேடாயிற்று என்ற வகையில் கட்டுமானக் கணக்குக்கு இது மிகச் சிக்கனமான ஏற்பாடு. வேளாண்மைக்கோ இதைவிடக் கேடு வேறில்லை. ஆழத்திலிருந்து தோண்டிய அடிமண்ணில் உயிர்ச்சத்து ஏதும் இருக்காது. அதனால் அதன் மேல் பரப்புவதற்கு அருகிலிருந்த சத்தோரிக் குன்றிலிருந்து நல்ல மண் கொண்டுவரப்பட்டது. மதில்களையும் மேடைகளையும் கட்டும் பணி கட்டடக் கலைஞர் மான்சாரிடம் ஒப்படைக்கப்பட்டது.

நல்ல மண்ணைப் பரப்பியதும் வேலை முடிந்துவிடவில்லை. அடியில் நீரைக் கீழே விடாத அடுக்கு அப்படியே இருந்தது. மழைக்காலத்தில் பாத்திகள் கூழாகக் குழைந்தன. வெயிலில் அதே மண் கல்லாக இறுகியது. தேங்கிய நீரில் மரங்களின் வேர்கள் அழுகின. நட்டவை சாவதையும், மீண்டும் நட்டவையும் சாவதையும் பார்த்த பிறகுதான் லா கேந்தினி இந்தத் தோட்டத்தின் மிக முக்கியமான அமைப்புக்கு வந்து சேர்ந்தார் என்பது அவருடைய விவரிப்பிலிருந்து தெரிகிறது. வெளியார் கண்ணுக்கு அது தெரிவதே இல்லை. தோட்டத்தின் குறுக்கே நிலத்தடியில் ஒரு பெரிய வடிகால் ஓடியது. ஒவ்வொரு சதுரத்தின் ஓரங்களிலும் கல் பாவிய சிறு வடிகால்கள் அமைக்கப்பட்டு அந்தப் பெருவடிகாலுடன் இணைக்கப்பட்டன. பிறகு சதுரங்களைச் சமதளமாக விடாமல், நடுப்பகுதியை உயர்த்தி நாற்புறமும் சரிவாக, பழைய மரப்பெட்டியின் வளைந்த மூடி போல அமைத்தார், ஒப்புமை அவருடையதே. விழும் மழை நடுவில் நிற்காமல் ஓரத்துக்கு வழிந்து வடிகாலில் இறங்கிவிடும். மரங்களின் வேர்கள் ஈரத்துக்கு மேலே நிற்கும்படி நடும் இடங்களும் மேடாக்கப்பட்டன.

அரசத் தோட்டங்களைப் பற்றி எழுதுபவர்கள் நீரூற்றுகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். வெர்சாயில் நீரைக் கொண்டுவர மன்னர் செலவிட்ட உழைப்பும் பணமும் பெயர்பெற்றவை. அதே வெர்சாயின் இந்த ஒரு மூலையில் மட்டும் சிக்கல் தலைகீழாக இருந்தது. நீரை எப்படி வெளியேற்றுவது என்பதே இங்கே பொறியியல் வேலையாயிற்று.

மதில் எதற்கு

வெப்ப நாட்டில் வாழ்பவர்களுக்குத் தோட்டத்து மதில் என்றால் ஆடுமாடுகளும் திருடர்களும் வராமல் தடுக்கும் ஏற்பாடு. வெர்சாயில் அது வெப்பத்தைச் சேர்த்து வைக்கும் கருவி. ஏறத்தாழ 49 பாகை வடக்கு அட்சரேகையில் உள்ள அந்த நிலத்தில் பீச், சீமை அத்தி, மஸ்கட் திராட்சை போன்றவை திறந்த வெளியில் நம்பகமாகப் பழுப்பதில்லை. பீச் மரம் இலை விடுவதற்கு முன்பே பூத்துவிடும். அந்த நேரத்தில் ஓர் இரவு உறைபனி விழுந்தால் அந்த ஆண்டின் விளைச்சல் முழுவதும் போய்விடும். தடித்த கல் மதில் பகல் முழுவதும் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் மெல்ல வெளிவிடுகிறது. மதிலோடு மதிலாகக் கிளைகளைத் தட்டையாகப் பரப்பிக் கட்டி வளர்த்தால், பூவும் காயும் அந்த வெப்பத்தின் எல்லைக்குள் நிற்கும். பிரெஞ்சுத் தோட்டக்காரர்கள் எஸ்பாலியே என்று அழைக்கும் முறை இதுதான்.

மதிலின் உச்சியில் வெளிப்புறமாகச் சற்றே நீண்டிருக்கும் ஓட்டுத் தாழ்வாரம் அழகுக்காக வைக்கப்பட்டதில்லை. மரத்தின் மேல் நேராக மழை விழாமல் அது தடுக்கிறது; பீச் இலைகளைச் சுருட்டிவிடும் பூஞ்சணம் மொட்டுகள் நனைந்திருந்தால்தான் பற்றும் என்பதால் இந்தச் சிறு கூரை மருந்தடிப்பதற்கு நிகரான வேலையைச் செய்துவிடுகிறது. பனி இறங்கும் இரவுகளில் வைக்கோல் பாய்களைத் தொங்கவிடுவதற்கும் அதுவே பிடிமானம்.

மதில் ஒன்றாக இருந்தாலும் அதற்கு இரண்டு முகங்கள். இங்கேதான் லா கேந்தினியின் திட்டம் நுட்பமாகிறது. ஒன்பது ஹெக்டேரையும் ஒரே சுற்றுமதிலுக்குள் விட்டிருந்தால் நடுவில் நின்ற செடிகளுக்கு மதிலால் எந்தப் பயனும் கிடைத்திருக்காது. அவர் நடுச் சதுரத்தைச் சுற்றியிருந்த நிலத்தை 29 தனித்தனித் தோட்டங்களாக மதில்களால் பிரித்தார். ஒவ்வோர் அடைப்பிலும் தெற்கு நோக்கிய முகம், கிழக்கு நோக்கிய முகம், மேற்கு நோக்கிய முகம், வடக்கு நோக்கிய முகம் என நான்கு வகைத் தட்பவெப்பம் கிடைத்தது. நாள் முழுவதும் வெயில் படும் தெற்கு முகமும், இரவின் குளிரைக் காலை வெயில் விரைவில் போக்கிவிடும் கிழக்கு முகமும் பீச்சுக்கும் திராட்சைக்கும் ஒதுக்கப்பட்டன. பேரியும் பிளம்சும் மேற்கு முகத்தில் சமாளித்துக்கொள்ளும். வெயிலே படாத வடக்கு முகம் வீணான இடம் என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால் அரசரின் மேசைக்கு முந்திப் பழுப்பது எவ்வளவு முக்கியமோ, பிந்திப் பழுப்பதும் அவ்வளவு முக்கியம். தெற்கு மதிலடி ஸ்ட்ராபெரி தீர்ந்துபோன பிறகு வடக்கு மதிலடி ஸ்ட்ராபெரி காய்க்கத் தொடங்கினால் பருவம் பல வாரங்கள் நீண்டுவிடும்.

எத்தனை மதில் கட்டலாம் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. மிக நெருக்கமாகக் கட்டினால் ஒன்றின் நிழல் மற்றொன்றின் மேல் விழுந்து, சேர்த்த வெப்பம் போய்விடும். வடக்கு ஐரோப்பாவில் பிற்காலத்து மாளிகைத் தோட்டங்கள் பலவற்றில் மதிலுக்குள்ளேயே புகைப்போக்கிகள் அமைத்து அடுப்பெரித்துச் சூடாக்கினார்கள். பாரிசுக்குக் கிழக்கே மோந்த்ராய் ஊரின் பீச் விவசாயிகளோ ஜிப்சம் சாந்து பூசிய தாழ்ந்த மதில்களை நூற்றுக்கணக்கில் கட்டி, துணிக் கீற்றையும் ஆணியையும் வைத்துக் கிளைகளை நேரடியாகச் சுவரிலேயே பொருத்தினார்கள். அவர்களுடைய பழம் பாரிஸ் சந்தைக்குப் போயிற்று. செலவைக் கணக்கிட வேண்டியிருந்தவர்கள் மதில் நுட்பத்தை எப்படிக் கையாண்டார்கள் என்பதற்கு மோந்த்ராய் சிறந்த எடுத்துக்காட்டு. வெர்சாயில் அந்தக் கவலை இல்லை.

நடுச் சதுரம் மட்டும் சுமார் 3 ஹெக்டேர். காய்கறிகளுக்குரிய பதினாறு பாத்திகளும் வட்ட நீர்த்தொட்டியும் அதில் உள்ளன. சுற்றியுள்ள நடைமேடைகளைவிட இந்தச் சதுரம் தாழ்வாக இருப்பதால் காற்றின் வேகம் பாத்திகளுக்குள் இறங்குவதில்லை. மேடைகளுக்கு அடியில் வளைவுக் கூரையுடன் அறைகள் கட்டப்பட்டிருந்தன. குளிர்காலத்தில் கிழங்குகளையும் பழங்களையும் கெடாமல் வைத்திருக்க அவை பயன்பட்டன. மேடையின் மேல் அரசரும் அவருடன் வருபவர்களும் நடந்தபடியே கீழே நடக்கும் வேலையைப் பார்க்கலாம்; காலணியில் சேறு படாது. காற்றுத் தடுப்பு, சேமிப்புக் கிடங்கு, பார்வை மாடம் ஆகிய மூன்றும் ஒரே கட்டுமானத்தில் அடங்கியிருப்பது மான்சாரின் திறமைக்குச் சான்று. அரசர் ஏரிக்கரைப் பக்கமிருந்து நுழைவதற்காக அமைத்த பொன்முலாம் பூசிய இரும்பு வாயிற்கதவு இன்றும் நிற்கிறது. மன்னர் இங்கே வந்து லா கேந்தினியிடம் கவாத்து கற்றுக்கொண்டார் என்றும் சொல்வார்கள்.

லத்தியும் கண்ணாடியும்

டிசம்பரிலும் ஜனவரியிலும் ஆஸ்பராகசும் (இளங்குருத்தை உண்ணும் ஒரு காய்கறி) உருண்டை கட்டிய லெட்டூசும், மார்ச் இறுதியில் ஸ்ட்ராபெரி, ஏப்ரலில் பச்சைப் பட்டாணி, ஜூனில் அத்திப்பழம் ஆகியவற்றையும் தம்மால் கொடுக்க முடிந்தது என்று லா கேந்தினி எழுதியிருக்கிறார். உறைபனி பெய்யும் நாட்டில் இது பெரிய சாதனை. இதற்குப் பின்னால் இருந்த எரிபொருள் அரசக் குதிரை லாயங்களின் லத்தி.

புதிய குதிரை லத்தியும் அதில் கலந்த வைக்கோலும் குவியலாகக் கிடக்கும்போது நுண்ணுயிர்களின் வேலையால் கடுமையாகச் சூடேறும். அதை நீளப் பாத்தியாக அடுக்கி, மிதித்து இறுக்கி, மேலே மக்கிய மண்ணைப் பரப்பி, முதல் சூடு தணிந்து செடி தாங்கும் அளவுக்கு வந்ததும் விதைப்பார்கள். அதற்கு மேல் மணி வடிவக் கண்ணாடி மூடிகளைக் கவிழ்த்து வைப்பார்கள். ஆஸ்பராகசுக்கு வேறு வழி. ஏற்கெனவே வேரூன்றி நிற்கும் ஆஸ்பராகஸ் பாத்திகளுக்கு இடையிலுள்ள நடைபாதைகளை ஆழமாகத் தோண்டி, அந்தப் பள்ளங்களில் சூடான லத்தியை நிரப்புவார்கள். பக்கவாட்டிலிருந்து சூடு பரவி நிலம் வெதுவெதுப்பாகி, உறங்கிக்கொண்டிருந்த கிழங்கு வசந்தம் வந்துவிட்டதாக ஏமாந்து குருத்து விடும். லத்தி ஆறியதும் அதை வாரி எடுத்துவிட்டுப் புதியதை நிரப்ப வேண்டும். இரவில் கண்ணாடியின் மேல் வைக்கோல் போர்த்த வேண்டும், பகலில் வெயில் வந்தால் எடுக்க வேண்டும், மூச்சுமுட்டாமல் மணியின் ஓரத்தைச் சற்றே தூக்கிவைக்க வேண்டும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை இது ஓயாத வேலை. இப்படிக் கட்டாயப்படுத்தி முளைக்கவைத்த கிழங்கு விரைவில் வலுவிழந்துவிடும் என்பதால் மாற்றுப் பாத்திகளும் எப்போதும் தயாராக இருக்க வேண்டும். ஜனவரி மாத விருந்தில் ஒரு தட்டு ஆஸ்பராகஸ் இவ்வளவையும் விழுங்கியது.

அத்திப்பழத்தின் மேல் மன்னருக்கு இருந்த விருப்பம் தனி அமைப்பையே உருவாக்கியது. அத்தி மரங்கள் பல நூறு மரப்பெட்டிகளில் வளர்க்கப்பட்டன. குளிர்காலத்தில் அவற்றை உள்ளே கொண்டுபோய்ப் பாதுகாக்கலாம் என்பது ஒரு நன்மை. பெட்டிக்குள் வேர் அடங்கிக் கிடப்பதால் மரம் இலையைப் பெருக்காமல் விரைவில் காய்ப்புக்கு வந்துவிடும் என்பது இன்னொன்று. தரையில் உள்ள கெட்ட மண்ணுக்கும் பெட்டிக்குள் இருக்கும் மரத்துக்கும் தொடர்பில்லை என்பது மூன்றாவது நன்மை; இந்தத் தோட்டத்தைப் பொறுத்தவரை அது சிறியதில்லை.

பட்டாணி மோகம் லா கேந்தினிக்குப் பிறகும் அரண்மனையை விடவில்லை. 1696-ல் மன்னரின் இரண்டாம் மனைவி மதாம் து மேந்தெனோன் எழுதியதாக வழங்கும் கடிதம், பட்டாணி தின்ன வேண்டும் என்ற ஆவல், தின்ற மகிழ்ச்சி, மீண்டும் தின்னப்போகும் களிப்பு ஆகிய மூன்றைத் தவிர இளவரசர்களுக்கு நான்கு நாட்களாக வேறு பேச்சில்லை என்று நகையாடுகிறது.

லா கேந்தினியின் சொந்தப் பாசம் பேரியின் மேல். ஒரே ஒரு பேரி மரத்துக்கு மட்டும் இடமிருந்தால் எதை நடுவது என்ற கேள்விக்கு வாதப் பிரதிவாதங்களை எல்லாம் அடுக்கிவிட்டு, குளிர்காலப் பொன் கிரெத்தியேன் என்ற ரகத்துக்குத் தீர்ப்பு வழங்குகிறார். இலையுதிர் காலத்தில் பறித்து அறையில் வைத்தால் மெல்லக் கனிந்து வசந்தம் வரை மேசைக்கு வந்துகொண்டிருக்கும் பழம் அது. மேடைக்கு அடியில் இருந்த அறைகள் இல்லாமல் அந்த ரகத்தின் பெருமை முழுமை பெற்றிருக்காது.

அரசர்கள் போன பிறகு

லா கேந்தினிக்குப் பின் சில ஆண்டுகளில் பொறுப்பு லெ நோர்மான் குடும்பத்திடம் சென்று, 1780-கள் வரை அவர்களிடமே இருந்தது. பதினைந்தாம் லூயியின் காலத்தில் சூடாக்கப்பட்ட கண்ணாடிக் கூடங்கள் வந்தன. 1730-களில் அன்னாசி இங்கே பழுத்து மன்னரின் மேசைக்குச் சென்றது. காப்பிச் செடிகளும் வளர்க்கப்பட்டன. லத்தியின் இடத்தை மெல்ல அடுப்பும், பின்னர் வெந்நீர்க் குழாயும் பிடித்துக்கொண்டன. பிரெஞ்சுப் புரட்சி வந்தபோது நிலம் துண்டு துண்டாகக் குத்தகைக்கு விடப்பட்டது. அரசமைப்பு மாறும்போதெல்லாம் தோட்டத்தின் உடைமையாளரும் மாறினார். 1849 முதல் சில ஆண்டுகள் வெர்சாயின் வேளாண் கல்வி நிறுவனத்துடன் இணைந்திருந்தது.

தோட்டம் தப்பிப் பிழைத்ததற்குக் காரணம் கல்வி. 1873 டிசம்பரில் இயற்றிய சட்டத்தின்படி தேசியத் தோட்டக்கலைப் பள்ளி அடுத்த ஆண்டு இங்கே திறக்கப்பட்டது. ஓகுஸ்த் ஆர்தி அதன் முதல் இயக்குநரானார். இன்று வெர்சாயின் காய்கறித் தோட்டம் என்றதும் புகைப்படங்களில் நாம் காணும் காட்சிகள், அதாவது கைவிரல்களாய் விரிந்த கிளைகள், விளக்குத்தண்டு வடிவங்கள், சாய்சதுரப் பின்னல்கள், பாத்திகளின் ஓரங்களில் கம்பி கட்டி வளர்த்த பேரி வரிசைகள், இவற்றில் பெரும்பகுதி ஆர்தியின் காலத்து வழக்கத்திலிருந்து வந்தவை. பள்ளிக்கு மாணவர்கள் கவாத்து பழக வேண்டும். பழகுவதற்கு எத்தனை வடிவங்கள் உண்டோ அத்தனையும் வேண்டும். லா கேந்தினியின் காலத்தில் பாத்தி ஓரங்களில் நின்றவை நடுவில் வெற்றிடம் விட்டுக் கிண்ணமாகத் திறந்து வளர்க்கப்பட்ட குட்டைப் பேரி மரங்கள். பதினேழாம் நூற்றாண்டைப் பார்க்க வந்தோம் என்று நினைப்பவர்கள், மர வடிவத்தைப் பொறுத்தவரை, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாடத்திட்டத்தையே பார்த்துவிட்டுச் செல்கிறார்கள். இதில் வருந்துவதற்கு ஒன்றுமில்லை என்பது என் கருத்து. மரத்துக்கு ஆயுள் உண்டு. எந்த வடிவமாயினும் யாரோ ஒருவர் ஆண்டுதோறும் கத்தரியுடன் வந்து நின்றால்தான் அது நிலைக்கும்.

தோட்டம் 1926-ல் வரலாற்றுச் சின்னமாகப் பதிவு செய்யப்பட்டது. 1976-ல் நிலத்தோற்ற வடிவமைப்புக்கான தேசிய உயர்கல்விப் பள்ளி இங்கே தொடங்கப்பட்டது. நிர்வாகம் இன்றும் அந்தப் பள்ளியிடமே இருக்கிறது. 1991 முதல் பொதுமக்கள் உள்ளே செல்ல முடிகிறது. விளைந்த காயும் பழமும் வாயிலருகே உள்ள கடையில் விற்கப்படுகின்றன.

எதைக் காப்பது

மரபுச் சின்னங்களைப் பராமரிப்பவர்களுக்கு இந்தத் தோட்டம் எழுப்பும் சிக்கல் எளியதில்லை. சுமார் 5,000 பழ மரங்கள் இருப்பதாகக் கணக்கு. ரகங்கள் பல நூறு. ஒரே மண்ணில் தலைமுறை தலைமுறையாகப் பேரியும் ஆப்பிளும் நின்றிருப்பதால், செத்த மரத்தின் குழியிலேயே அதே இனத்தை மீண்டும் நட்டால் கன்று தேறுவதில்லை. மண்ணை மாற்ற வேண்டும், அல்லது வேறு இனத்தை நட வேண்டும். முதல் வழி செலவு மிக்கது. இரண்டாவது வழியில் வரலாற்று நடவுத் திட்டம் குலையும். அண்மைப் பத்தாண்டுகளில் செயற்கைப் பூச்சிக்கொல்லிகளைத் தவிர்க்கும் முறைக்குத் தோட்டம் மாறியிருக்கிறது. அதனால் சில பழைய ரகங்களை நோயிலிருந்து காப்பது முன்னைவிடக் கடினமாகியிருக்கிறது. மதில்களும் பழுதுபட்டிருக்கின்றன. சுண்ணாம்புச் சாந்து உதிர்ந்த இடத்தில் சிமெண்ட் பூசினால் சுவருக்குள் ஈரம் அடைபட்டுக் கல் பொரிந்துபோகும் என்பதால் பழைய முறையிலேயே செப்பனிட வேண்டும். சுவரைச் செப்பனிட அதன் மேல் படர்ந்திருக்கும் மரத்தை அகற்றியாக வேண்டும். நூறு ஆண்டுப் பேரியை அகற்றினால் அது திரும்பி வராது. 2018-ல் வேர்ல்ட் மானுமென்ட்ஸ் ஃபண்ட் அமைப்பு ஆபத்திலுள்ள மரபிடங்களுக்கான தனது கவனிப்புப் பட்டியலில் இந்தத் தோட்டத்தைச் சேர்த்ததற்குப் பின்னால் இத்தகைய சிக்கல்களே இருந்தன.

எந்தக் காலத்துத் தோட்டத்தை மீட்டெடுப்பது என்ற விவாதமும் அடிக்கடி எழுகிறது. லா கேந்தினியின் தோட்டத்தையே முழுமையாகத் திரும்பக் கொண்டுவர வேண்டுமென்றால், பிற்காலத்தில் இடிக்கப்பட்ட இடைமதில்களைக் கட்ட வேண்டும், ஆர்தியின் காலத்து மர வடிவங்களை வெட்ட வேண்டும், குதிரை லாயத்தையும் தேட வேண்டும். அது நடைமுறைக்கு ஒவ்வாதது, தேவையானதும் இல்லை. மாறாக, தரையின் மட்டங்கள், மேடைகள், எஞ்சிய மதில்கள், வடிகால்கள், நீர்த்தொட்டி ஆகியவற்றைப் பதினேழாம் நூற்றாண்டின் சொத்தாகக் கருதி அணுவும் மாற்றாமல் காப்பதும், அவற்றின் மேல் வளரும் மரங்களையும் காய்கறிகளையும் ஒவ்வொரு தலைமுறையின் தோட்டக்காரர்களும் தங்கள் அறிவுக்கும் தேவைக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ள விடுவதும் சரியான பிரிவினையாக எனக்குப் படுகிறது. அப்படிப் பார்த்தால் பராமரிப்புச் செலவில் முதல் பங்கு கண்ணுக்குத் தெரியாத வடிகால்களுக்கும், இரண்டாவது பங்கு மதில்களுக்கும் போக வேண்டும். பார்வையாளர்கள் படமெடுக்கும் பேரி மரங்கள் அதற்குப் பிறகுதான் வரும்.